ஆகார விசாரம்: மாப்பிள்ளை அனுப்பிய அரிசி

திருவேட்டக்குடி என்ற பெயரை நேயர்களில் பலர் தேவாரத் தலங்களின் வரிசையில் கண்டிருப்பார்கள். ஊரைக் கண்டவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் பாதையில் வரிச்சிக்குடியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சிறிது தூரத்தில் ஊர் வந்துவிடும். ஒரு பக்கம் காவிரியின் கடைசித் தண்ணீர் பாயும் நெல் வயல். மறு பக்கம் வங்கக் கடல். சம்பந்தர் பாடிய சிவஸ்தலம். நெல்லும் மீனும் இப்படி வாசற்படியிலேயே கிடைக்கும் ஊரில் ஆகாரக் குறைவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சென்ற மாசி மகத்துக்கு அங்கே போகும் வரையில் நானும் நினைத்திருந்தேன்.

என் சித்தியின் வீடு அங்கே இருக்கிறது. சித்தியின் பெண் பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்திருந்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை, நல்ல நிறை, குரலும் நல்ல குரல்தான் என்பதை அன்று இரவு முழுவதும் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டேன். எங்களுக்கு ஒரு சாதம், பிள்ளை பெற்றவளுக்கு வேறு சாதம். எங்கள் இலையில் விழுந்தது அந்தப் பக்கத்து வழக்கமான புழுங்கலரிசிச் சோறு, சற்றே பழுப்பாக, சற்றே பருமனாக. அவள் தட்டில் விழுந்ததோ மல்லிகைப் பூவைப் போல் வெளுத்த சன்னமான பச்சரிசிச் சாதம். கூட ஒரு கரண்டி பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். அவ்வளவுதான்.

"இது என்ன சித்தி, வேறு அரிசி?" என்று கேட்டேன்.

சித்தியின் முகத்தில் பெருமை பொங்கியது. "மாப்பிள்ளை பட்டணத்திலிருந்து மூட்டையாக அனுப்பியிருக்கிறார், தம்பி. பழைய அரிசி. கிலோ என்ன விலை தெரியுமா? அவள் அங்கே இருக்கும்போதும் இதைத்தான் பொங்கிச் சாப்பிட்டாளாம். நாங்கள் தின்கிற மோட்டா அரிசியை அவளுக்குப் போட்டால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்?"

"பருப்பு, கீரை ஒன்றும் காணோமே?"

"பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. குழந்தைக்கு ஆகாது."

அவள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கால் இரண்டும் மரத்து மரத்துப் போகிறது, அண்ணா. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சித்தி சமாதானம் சொன்னாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அன்றைக்கு ஏன் ஆகவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இந்தக் கதை சித்தி வீட்டில் ஆரம்பிக்கவில்லை. இதே கடலுக்கு அக்கரையில், மலாய் நாட்டில் ஆரம்பிக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலத்தில் நம் கடற்கரை மாவட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மலாய் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். அதே சமயத்தில் சீனத் தொழிலாளர்கள் அங்குள்ள ஈயச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். அந்தச் சீனர்களைப் பெரிபெரி என்ற வியாதி கொள்ளை கொண்டது. முதலில் காலில் மதமதப்பு; பிறகு நடக்க முடியாமை; சிலருக்குக் கால் வீக்கம், மூச்சுத் திணறல்; கடைசியில் இருதயம் நின்றுவிடும். கிருமிதான் காரணம் என்று சில வைத்தியர்கள் எண்ணினார்கள். ஈரத் தரையும் நெருக்கமான கொட்டகையும் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஆனால் நம் தமிழ்த் தொழிலாளியும் ஈரத் தரையில்தான் படுத்தான். அவன் கொட்டகை அரண்மனையாக இருக்கவில்லை. அப்படியும் பெரிபெரி அவனை அனேகமாகத் தொடவில்லை.

இந்த வித்தியாசத்தை உற்றுப் பார்த்தவர் நெகிரி செம்பிலான் ராஜ்யத்தில் வைத்தியராக இருந்த பிராடன் என்பவர். 1907-ல் அவர் பெரிபெரியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சாப்பிட்டார்கள். நோய் வந்தது முதல் கூட்டத்துக்குத்தான். பிராடன் இதிலிருந்து செய்த முடிவு தவறு. தீட்டி வைத்த அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று அவர் நினைத்தார். ஆனால் அவர் கண்ட உண்மை உண்மையே.

அதைச் சோதித்துப் பார்க்கக் கோலாலம்பூரில் பிளெட்சர் என்ற வைத்தியர் முன்வந்தார். அங்கிருந்த மனநோய் ஆஸ்பத்திரியின் நோயாளிகளை 1905-ம் வருஷக் கடைசியில் அவர் வரிசையாக நிற்க வைத்தார். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வந்தவர்கள் ஒரு கட்டிடத்துக்கு. இரட்டைப்படையில் வந்தவர்கள் எதிர்க் கட்டிடத்துக்கு. ஒரு பக்கத்தாருக்குச் சயாம் பச்சரிசி, மறு பக்கத்தாருக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றதெல்லாம் ஒன்றே. சில மாதங்களில் பச்சரிசிப் பக்கத்தில் பெரிபெரி கிளம்பியது. ஒருவேளை கட்டிடத்தில்தான் தோஷமோ என்று இரு கூட்டத்தாரையும் வீடு மாற்றி வைத்தார். நோய் வீட்டோடு தங்கவில்லை. அரிசியைப் பின்தொடர்ந்து எதிர்க் கட்டிடத்துக்குப் போயிற்று. ஒரு வருஷ முடிவில் பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தார்கள். புழுங்கலரிசி தின்றவர்களில் ஒருவர்கூட அதனால் சாகவில்லை.

இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விதமான எண்ணம் உண்டாகும். எவ்வளவு தெளிவான புத்தி என்று வியப்பேன். "உன்மீது பரீட்சை செய்யப் போகிறேன், சம்மதமா?" என்று அந்தப் பதினெட்டுப் பேரை யாரும் கேட்கவில்லையே என்றும் மனம் வருந்தும். இன்று அப்படி ஒரு பரீட்சையை எந்த நாட்டுச் சட்டமும் அனுமதிக்காது. நம் வீட்டுப் புழுங்கலரிசிக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரத்தில் அவர்களுடைய உயிர் எழுதப்பட்டிருக்கிறது.

பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் அதே நாட்டில் காட்டுப் பாதை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் இரண்டு அரிசிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். அதற்கும் முன்பே, ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் தம்முடைய ஆராய்ச்சிக் கோழிகள் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சோற்றைத் தின்று கால் தள்ளாடி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அரிசியில் விஷம் இல்லை, அரிசியிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது என்ற எண்ணம் மெல்ல மெல்ல நிலைத்தது. உடம்பில் இல்லாததும் வியாதியை உண்டாக்கும் என்பது அந்தக் காலத்து வைத்தியர்களுக்கு லேசில் பிடிபடக்கூடிய விஷயம் அல்ல. கிருமியைப் பூதக்கண்ணாடியில் காட்டலாம். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது?

அந்த இல்லாத வஸ்துவுக்கு 1912-ல் பங்க் என்ற போலந்து நாட்டு விஞ்ஞானி இட்ட பெயர்தான் வைட்டமின். தமிழில் ஜீவசத்து என்றும் உயிர்ச்சத்து என்றும் சொல்லி வருகிறோம். பெரிபெரியைத் தடுக்கும் சத்துக்கு பி1 என்றும் தையமின் என்றும் பெயர். நெல் மணியில் அது பெரும்பாலும் இருப்பது மேல் தவிட்டிலும் முளையிலும். மில்லில் அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது இரண்டும் போய்விடுகின்றன.

இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தவர்களின் கதையிலும் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று இருக்கிறது. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில் 1886-ல் ஓர் அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் ரசாயன சாஸ்திரம் படித்து மணிலாவில் வேலை பார்த்தபோது, 1910-ல், தவிட்டிலிருந்து வடித்த சாற்றை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிலிப்பைன்ஸில் அப்போது பெரிபெரியால் பால்குடி மாறாத சிசுக்கள் இறந்துகொண்டிருந்தன. குரல் கம்மி, மூச்சு முட்டி, நீலம் பாரித்துக் கிடந்த குழந்தைகளின் வாயில் அந்தத் தவிட்டுச் சாற்றைத் துளித் துளியாக விட்டால் சில மணி நேரத்தில் பிழைத்துக்கொண்டன. அந்தச் சாற்றில் இருந்தது என்னவென்று கண்டுபிடிக்க வில்லியம்ஸ் கால் நூற்றாண்டுக்கு மேல் செலவிட்டார். 1936-ல் அதன் அமைப்பை அறிந்து, செயற்கையாகவும் செய்துவிட்டார்.

வில்லியம்ஸ் பிறந்த நெல்லூரும் அதற்கு வடக்கே உள்ள ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களுமே பெரிபெரிக்குப் பேர்போனவையாக இருந்தன. அங்கே ஜனங்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தெற்கே, புழுங்கலரிசி தின்ற தமிழ் ஜில்லாக்களில் அந்த வியாதி அரிது. நெல்லும் அரிசியும் அங்கும் இங்கும் ஒன்றுதான். நடுவில் ஓர் அண்டா வெந்நீர்தான் வித்தியாசம். இதை ஆராய்வதற்கென்றே 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி விசாரணை ஒன்று தொடங்கியது. மக்காரிசன் என்பவர் அதன் தலைவர். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்ற பெயருடன் விளங்குகிறது.

அண்டா வெந்நீர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நெல்லை ஊற வைக்கும்போது தண்ணீர் உமியையும் தவிட்டையும் கடந்து உள்ளே இறங்குகிறது. தையமின் தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே அதில் ஒரு பங்கு தண்ணீரோடு மணியின் உட்புறத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அவிக்கும்போது அரிசியின் மாவுப் பொருள் இறுகிக் கண்ணாடி போல் ஆகி, உள்ளே வந்த சத்தைச் சிறை வைத்துவிடுகிறது. காய்ந்தபின் மில்லில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் முன்னோர்கள் ஜீவசத்தை நினைத்து நெல் அவிக்கவில்லை. குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். ஈர நெல்லை அவித்துக் காய வைத்தால் கெடாது. உமி சுலபமாகக் கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி அண்டுவதும் குறைவு. இவ்வளவுக்காகத்தான் அவித்தார்கள். அதோடு கூட வந்த லாபத்தை அவர்கள் அறியவில்லை. நாம் அறிந்துகொண்டு, அறிந்த காலத்தில் அதை விட்டுவிட்டோம்.

கணக்காகச் சொன்னால் நேயர்களுக்கு இன்னும் விளங்கும். ஹைதராபாத் நிலையம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையின்படி 100 கிராம் அரிசியில் உள்ள தையமின் இவ்வளவு: மில்லில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, மில்லில் தீட்டிய புழுங்கலரிசியிலும் அதே 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. மாட்டுக்குப் போகும் தவிட்டிலோ 2.70. வளர்ந்த மனிதருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1 முதல் 1½ மில்லிகிராம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கு அதற்கு மேலும் வேண்டும். ஒருத்தி நாள் முழுவதும் 400 கிராம் வெள்ளைப் பச்சரிசி தின்றால் 0.24 மில்லிகிராம்தான் கிடைக்கும். அதே அளவு புழுங்கலரிசியில் 0.84. மிச்சத்தைப் பருப்பு, பயறு, வேர்க்கடலை, மீன், முட்டை, காய்கறிகள் கொண்டு நிரப்பிவிடலாம். வெள்ளைச் சாதமும் பூண்டுக் குழம்பும் மட்டுமே என்றால் நிரப்புவதற்கு வழியே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. உடம்பு சோற்றைச் சக்தியாக மாற்றுவதற்கே தையமின் தேவைப்படுகிறது. சோறு அதிகமாக அதிகமாகத் தேவையும் அதிகமாகும். சத்தில்லாத சோற்றை மேலும் மேலும் போட்டு ஒருவரைப் போஷிக்கப் பார்ப்பது, கடன்காரனுக்கு மேலும் கடன் கொடுத்து வசதியாக்கப் பார்ப்பது போன்றது. உடம்பில் இந்தச் சத்தின் சேமிப்பும் மிகக் கொஞ்சம். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் இருப்புக் கரைந்துவிடும்.

கைக்குத்தல் அரிசிக்காக மகாத்மா காந்தி எழுதியதையும், 1934-ல் ஏற்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அதற்காகப் பாடுபட்டதையும் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அட்டவணையைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரியே. ஆனால் உரலும் உலக்கையும் வீட்டை விட்டுப் போன பிற்பாடு, மில்லில் தீட்டினாலும் தாங்கக்கூடிய அரிசி நம்மிடம் புழுங்கலரிசி ஒன்றுதான். உலக்கையைத் திரும்பக் கொண்டு வரும்படி இந்தக் காலத்துப் பெண்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

இனித் திருவேட்டக்குடிக்குத் திரும்புவோம்.

அன்று சாயங்காலம் சித்தி மறு வேளைக்கு அரிசி களைவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அரிசியை முறத்தில் புடைத்துப் பானையில் போட்டுப் பரபரவென்று தேய்த்தாள். தண்ணீர் பால் போல வெளுத்தது. அதைக் கொட்டி மறுபடி ஊற்றித் தேய்த்தாள். மூன்று தண்ணீர். பிறகு பொங்க வைத்து, பதம் பார்த்து, கஞ்சியைச் சுத்தமாக வடித்தாள். களைந்த கழுநீரும் வடித்த கஞ்சியும் கொல்லையில் இருந்த தொட்டிக்குப் போயின. சித்தியின் பசு அதை ருசித்துக் குடித்தது. 0.06 என்று சொன்னேனே, அதிலும் கணிசமான பங்கு இப்படித் தண்ணீரோடு போய்விடும். புழுங்கலரிசியில் சத்து உள்ளே இறுகியிருப்பதால் களைவதில் போவது குறைவு. அந்தப் பசுவைப் போல் புஷ்டியான பசுவை நான் அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் பார்க்கவில்லை.

"சித்தி, பிள்ளை பெற்றவளுக்குப் போக வேண்டியது பசுவுக்குப் போகிறது" என்றேன்.

"பால் கொடுக்கிறதே, அதற்கும் வேண்டாமா?" என்றாள் சித்தி.

"உங்கள் பெண்ணும்தான் பால் கொடுக்கிறாள்."

சித்தி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் பிலிப்பைன்ஸ் குழந்தைகளின் கதையைச் சொன்னேன். தாய்ப்பாலில் உள்ள தையமின் தாய் உண்ணும் ஆகாரத்தைப் பொறுத்தது. தாய்க்கு வெளிப்படையாக ஒன்றும் தெரியாமலே அவள் பாலில் அந்தச் சத்துக் குறைந்து போகலாம். அவளுக்குக் கால் மதமதப்பு மட்டும் இருக்கும். மூன்று நான்கு மாதக் குழந்தைக்கோ திடீரென்று வாந்தி, மூச்சிரைப்பு, குரல் அடைப்பு. வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. இந்த நூற்றாண்டில், 2010-க்குப் பிந்திய வருஷங்களில், காஷ்மீர வைத்தியர்கள் இதையே கண்டு எழுதியிருக்கிறார்கள். அங்கும் தீட்டிய வெள்ளை அரிசி. அங்கும் பல தண்ணீர் விட்டுக் களைவது. அங்கும் பிள்ளை பெற்றவளுக்குக் கடுமையான பத்தியம். மரணத் தறுவாயில் வந்த சிசுக்கள் தையமின் ஊசி போட்டதும் சில மணி நேரத்தில் தேறியிருக்கின்றன. தாய்ப்பாலை நிறுத்துவது இதற்குப் பரிகாரம் அல்ல. தாய்க்குச் சோறு போடுவதுதான் பரிகாரம், சரியான சோறு.

சித்தி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இவள் நன்றாகத்தானே கத்துகிறாள்?" என்று கேட்டாள். குரலில் பழைய உறுதி இல்லை.

"நன்றாகக் கத்துகிறாள். அப்படியே கத்திக்கொண்டிருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்."

மறுநாள் காலையில் கூடையோடு ஓர் அம்மாள் மீன் கொண்டு வந்தாள். கூடையில் பால் சுறாக் குட்டிகள் இருந்தன. "பிள்ளை பெற்ற உடம்புக்குப் புட்டு அவித்துக் கொடுங்கள், அம்மா. எங்கள் குப்பத்தில் எட்டாம் நாளிலிருந்து கொடுப்போம்" என்றாள். புழுங்கலரிசிச் சோறு, பூண்டு நிறையப் போட்ட சுறாப்புட்டு, முருங்கைக் கீரை, காரப்பொடி மீன் குழம்பு என்று தங்கள் பத்தியத்தை அடுக்கினாள். பத்தியம் என்ற ஒரே பெயரில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு தெருக்களில் எவ்வளவு வித்தியாசம்! ஏழை வீட்டுப் பத்தியம் போஷிக்கிறது. வசதியான வீட்டுப் பத்தியம் பட்டினி போடுகிறது.

சித்தியின் பத்தியத்திலும் எல்லாமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பூண்டுக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டில் உள்ள ஒரு வஸ்து தையமினோடு சேர்ந்தால், குடல் அதைச் சுலபமாகக் கிரகித்துக்கொள்ளும் ஒரு ரூபம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோது சித்திக்கு உண்டான திருப்திக்கு அளவில்லை. ஆனால் பூண்டு தானாக எதையும் உண்டாக்கிவிடாது. சேருவதற்குத் தையமின் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் அவளுக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கும், வேளைக்கு வேளை கொடுத்த கடுந்தேநீரும் இருந்ததையும் குறைக்கக்கூடியவை. பாக்கிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இந்தச் சத்தை உடம்புக்கு உதவாமல் செய்துவிடும். பருப்பு சீக்கிரம் வேக வேண்டுமென்று ஆப்பச் சோடாவைப் போடுகிறவர்களும் தையமினை அடுப்பிலேயே அழித்துவிடுகிறார்கள்.

பச்சரிசி பொல்லாதது என்று யாரும் இதைக் கொண்டு முடிவு கட்டிவிட வேண்டாம். நைவேத்தியத்துக்கும் சிராத்தத்துக்கும் பண்டிகைக்கும் பச்சரிசிதான் வழக்கம். தலைமுறை தலைமுறையாக அதையே சாப்பிட்டு ஒரு குறையும் இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் அதோடு பருப்பும் பாலும் தயிரும் நாலு வகைக் காய்கறியும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். தனிச் சாதமாகத் தின்னும்போதுதான் பச்சரிசி கைவிடுகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் நாம் செய்வது அதுதான்: சிறந்த அரிசி என்று வெள்ளையாகத் தேர்ந்தெடுப்பது, துணைக்கு வந்த எல்லாவற்றையும் பத்தியம் என்று விலக்குவது.

அன்று மத்தியானம் காரைக்காலுக்குப் போய் ஒரு வைத்தியரைப் பார்த்தோம். கால் மதமதப்புக்குப் பல காரணம் உண்டு. பி12 என்ற வேறு சத்துக் குறைவும் சர்க்கரை வியாதியும் அப்படிச் செய்யும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்தார்; சத்து மாத்திரைகளும் கொடுத்தார். சாப்பாட்டைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, "உங்கள் ஊர் அரிசி என்ன ஆயிற்று, அம்மா?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார். நான் இரண்டு நாளாக வாய் வலிக்கப் பேசியும் நடக்காதது அந்த ஒரு கேள்வியில் நடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உடன்படிக்கை ஏற்பட்டது. சாதம் இனி எல்லோருக்கும் ஒன்றே, புழுங்கலரிசி. லேசாக ஒரு தண்ணீரில் களைவது. அளவாகத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடிக்காமல் பொங்குவது. மாமூலாக வடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுப் பெண்ணே குடிப்பது. பாசிப்பருப்பு உண்டு, துவரம் பருப்பு இப்போதைக்கு இல்லை. இதில் சித்தி விட்டுக்கொடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. முருங்கைக் கீரைக்கு அனுமதி கிடைத்தது. சுறாப்புட்டுக்குச் சித்தி முன்பே சம்மதம் என்றாள். நான் கேட்காததால்தான் சொல்லவில்லையாம்! பழைய சோற்றைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். ஊறிய தண்ணீரையும் சேர்த்தே குடிப்பதால் அதில் கரைந்த சத்து வீணாவதில்லை என்றேன். "பச்சை உடம்புக்கு நீராகாரமா!" என்று சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடையில் அரிசி வாங்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. புழுங்கலரிசி மணி சற்று மஞ்சள் சாயலோடு, வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி போல் இருக்கும். பல்லில் கடித்தால் கெட்டியாக இருக்கும். பச்சரிசி சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும், எளிதில் நொறுங்கும். புழுங்கலரிசியையும் இப்போது பச்சரிசியைப் போல் வெளுக்கும் வரையில் தீட்டி விற்கிறார்கள். கேட்கிறவர்கள் இருப்பதால்தான் தீட்டுகிறார்கள். பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துச் சித்தி டெலிபோனில் பேசினாள். பெண் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாளாம். கால் மதமதப்புக் குறைந்துவிட்டதாம். மாத்திரையினாலா, அரிசியினாலா, மீனினாலா என்று நான் சொல்லத் துணியவில்லை. சித்தி மட்டும் பூண்டினால்தான் என்கிறாள். குழந்தை முன்னிலும் பலமாகக் கத்துகிறது. மாப்பிள்ளை அனுப்பிய மூட்டையில் மிஞ்சியிருந்ததைச் சுவாமி நைவேத்தியத்துக்குக் கோயிலில் கொடுத்துவிட்டார்களாம். மாப்பிள்ளைக்கும் அதில் சந்தோஷமே.

"எல்லாம் சரி, தம்பி. பசுதான் தொட்டியை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஒரு வேளைப் பாலும் குறைந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டாள்.

தவிடு வாங்கிப் போடும்படி சொல்லியிருக்கிறேன்.